கைக்கு எட்டும் இடத்தில் கத்தி

அந்தக் கத்தி என் இடுப்பில்தான் இருந்தது. வலது பக்கம், எப்போதும் இருக்கும் அதே இடத்தில். ஆனால் அன்றைக்கு அதை என்னால் எடுக்க முடியவில்லை.

சரிவான பாதை ஒன்றில் இறங்கிக்கொண்டிருந்தோம். முந்தைய இரவு பெய்த மழையில் மண் ஊறிப்போயிருந்தது. கால் சறுக்கி நாலைந்து அடி உருண்டு ஒரு புதருக்குள் போய் விழுந்தேன். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் முதுகுப்பையின் தோள்வார் ஒரு வேரில் மாட்டி முறுக்கிக்கொண்டது. என் வலது கை அந்த வாருக்கும் மார்புக்கும் நடுவில் சிக்கிவிட்டது. காலை ஊன்ற இடமில்லாததால் உடம்பின் எடையெல்லாம் அந்த வாரில் தொங்கியது. வாரை அறுத்தால் கை வந்துவிடும். கத்திதான் இருக்கிறதே என்று இடது கையை வளைத்துக் கொண்டுபோனேன். பிடியின் நுனியை விரல் தொட்டது, அவ்வளவுதான். பையின் இடுப்புப் பட்டை உறைக்கு மேல் ஏறி, பிடியை விலாவோடு சேர்த்து அழுத்திவைத்திருந்தது. அதற்கும் மேலே, உறையின் வாயில் ஒரு அழுத்துப் பட்டன் வேறு.

பின்னால் வந்த நண்பர் மெல்ல இறங்கி, "அசையாதீங்க, நான் அறுக்கிறேன்" என்று தன் கத்தியால் வாரை அறுத்தார். மொத்தம் ஐந்து நிமிடம் இருக்கும். அதற்குள் விரல்கள் மரத்துப்போயிருந்தன. தனியாக வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று அன்று இரவு கூடாரத்தில் வெகுநேரம் யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன்.

அதுவரை கத்தி என்றால் எனக்கு அலகுதான். எந்த எஃகு, எந்தச் சாணைக்கல், எத்தனை பாகையில் தீட்டுவது என்று தேடித்தேடிப் படித்திருக்கிறேன். உறை என்பது கத்தியோடு கூட வரும் ஒரு கூடு, அது பெல்ட்டில் மாட்டுவதற்கு என்ற அளவில்தான் நினைப்பு இருந்தது.

2003 ஏப்ரலில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒடுங்கிய பள்ளத்தாக்கு ஒன்றில் தனியாக இறங்கிய ஆரோன் ரால்ஸ்டனின் வலது கை, உருண்ட பாறைக்கடியில் சிக்கிக்கொண்டது. ஐந்து நாளுக்கும் மேல் அங்கேயே மாட்டியிருந்தார். கடைசியில் மழுங்கிய ஒரு பல்பயன் கருவியால் தன் கையையே வெட்டிக்கொண்டுதான் வெளியே வந்தார். அந்தச் செய்தியைப் படிக்கும் எல்லோருக்கும் அவருடைய மனவலிமைதான் கண்ணில் படும். புதருக்குள் தொங்கிவிட்டு வந்த எனக்கு வேறொன்றும் பட்டது. அவர் செய்த ஒவ்வொரு வேலையையும் இடது கை ஒன்றினால்தான் செய்யவேண்டியிருந்தது. விபத்து நடக்கும்போது எந்தக் கை மிச்சமிருக்கும் என்று நாம் முடிவு செய்வதில்லை.

அன்றிலிருந்து எந்தக் கத்தியை உடம்பில் கட்டினாலும் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். விழுந்து உருண்டால் இது உறைக்குள்ளேயே இருக்குமா? சும்மா இருக்கும் கை எதுவாக இருந்தாலும் அதற்கு இது எட்டுமா? சிக்கல் என்னவென்றால், முதல் கேள்விக்காகச் செய்யும் ஏற்பாடு பெரும்பாலும் இரண்டாவதற்கு இடைஞ்சலாக வந்து நிற்கும். பட்டனும் வாரும் போட்டு இறுக்கினால் ஒரு கையால் எடுக்கவராது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டால் எங்கேயோ விழுந்துவிடும்.

எங்கேயோ விழுந்ததும் நடந்திருக்கிறது. அது இன்னும் பழைய கதை. நைலான் உறை, வாயைச் சுற்றி ஒரு வார், அதில் பட்டன். நாள்பட்ட பழக்கத்தில் பட்டன் தளர்ந்துபோயிருந்தது. மாட்டினால் மாட்டியதுபோல இருக்கும், லேசாகத் தட்டினால் விட்டுவிடும். அன்று மதியம் ஒரு கல்மேல் உட்கார்ந்து ஓய்வெடுத்தோம். உட்காரும்போது உறையின் அடிப்பாகம் கல்லில் முட்டி, கத்தியை ஒரு விரற்கடை மேலே தள்ளியிருக்கிறது. எழுந்து நடந்தபோது மிச்சத்தையும் செடிகொடிகள் இழுத்துவிட்டிருக்கும். மாலையில் கூடாரம் போடும்போது கையை வைத்தால் வெறும் உறை. மறுநாள் காலை வந்த வழியே இரண்டு மணி நேரம் தேடினோம். கருப்புப் பிடி, காய்ந்த இலைகள். கிடைக்கவில்லை. கத்தி போன வருத்தத்தைவிட, அதே வழியில் யாரோ ஒருவரின் காலுக்கடியில் அது திறந்த அலகோடு கிடக்குமே என்ற நினைப்புதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு இரண்டு பழக்கம் வந்தது. பிடியின் துளையில் ஆரஞ்சு நிறத்தில் விரல் நீளக் கயிறு ஒன்றைக் கோத்துவிடுவேன். அதைவிட நீளமாக விட்டால் கிளைகளில் மாட்டி அதுவே கத்தியை உருவிவிடும். இரண்டாவது, எங்கே உட்கார்ந்து எழுந்தாலும் நடக்கத் தொடங்குமுன் பிடியை ஒருமுறை தொட்டுப்பார்ப்பது. வீட்டைப் பூட்டியதும் பூட்டை இழுத்துப்பார்ப்போமே, அதுபோல.

சரி, எங்கே கட்டுவது? அந்தப் புதர் சம்பவத்துக்குப் பிறகு ஒன்றரை வருடம் ஒவ்வொரு இடமாக மாற்றிமாற்றிப் பார்த்தேன்.

பெல்ட்டோடு ஒட்டி, இடுப்பில் நிமிர்ந்து நிற்கும் உறை பை இல்லாத நாளுக்கு நன்றாக இருக்கும். பையின் இடுப்புப் பட்டையைப் பூட்டியதும் அந்த இடம் பட்டைக்குச் சொந்தமாகிவிடுகிறது. மழைக்கோட்டு போட்டால் இன்னும் மோசம். கோட்டைத் தூக்கி, பட்டையை நகர்த்தி, அப்புறம்தான் பிடி. இதற்கு நான் கண்ட நல்ல மாற்று, பெல்ட்டிலிருந்து ஒரு வளையத்தில் கீழே தொங்கும் உறை. பின்லாந்துக்காரர்களின் புக்கோ என்ற கத்திக்கு மரபான உறையே இப்படித்தான். பிடியில் பெரும்பகுதி உறைக்குள் இறங்கிவிடும், பட்டன் கிடையாது, ஆழமும் இறுக்கமும்தான் அதைப் பிடித்துவைக்கும். தொங்குவதால் உட்காரும்போது உறை பக்கவாட்டில் சாய்ந்து வழிவிடும். எதிலும் முட்டி கத்தியை மேலே தள்ளாது. கோட்டின் விளிம்புக்கும் பட்டைக்கும் கீழே பிடி நிற்பதால் கை நேராகப் போய்விடும். குளிர் நாட்டில் பல அடுக்கு உடை போட்டவர்கள் யோசித்துச் செய்த ஏற்பாடு என்பது போட்டுப்பார்த்தால் விளங்கும்.

குறை இல்லாமல் இல்லை. ஓடும்போது தொடையில் அடிக்கும். பாறையில் ஏறும்போது ஊசலாடும். அந்த மாதிரி நேரத்தில் உறையின் அடியைக் கால்சட்டையின் பின்பைக்குள் செருகிவிடுவேன், ஆட்டம் நின்றுவிடும். இன்னொன்று, தொங்கும் உறையிலிருந்து ஒரு கையால் உருவினால் உறையும் கூடவே மேலே வரும். கட்டைவிரலை உறையின் வாயில் ஊன்றி, மற்ற விரல்களால் பிடியைப் பற்றி, கட்டைவிரலால் உறையைக் கீழே தள்ளினால் கத்தி மட்டும் வெளியே வரும். இதை வீட்டில் இருபது முப்பது தடவை பழகாமல் காட்டுக்குப் போகவேண்டாம். முதலில் கத்தியை நன்றாகத் துணியால் சுற்றிக்கொண்டோ, அதே அளவில் ஒரு மரக்கட்டையை உறைக்குள் போட்டோ பழகலாம்.

பெல்ட்டில் படுக்கைவாட்டில் கட்டுவதும் உண்டு. வயிற்றின் முன்பக்கம் சற்று இடப்புறமாக வைத்தால் இரண்டு கையும் எட்டும் என்பது இதன் பெரிய லாபம். பை சுமக்காத வேலைக்கு, அதாவது கூடாரத்தைச் சுற்றி விறகு சீவுவது, கயிறு அறுப்பது போன்றவற்றுக்கு எனக்கு இதுதான் பிடித்த இடம். ஆனால் படுக்கைவாட்டில் இருக்கும் கத்தியைக் காப்பது உறையின் பிடிமானம் மட்டுமே. அது இறுக்கமில்லை என்றால் வேண்டவே வேண்டாம். இதையே முதுகுப்பக்கம் நடுவில் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மல்லாக்க விழுந்தால் முதுகெலும்புக்கும் தரைக்கும் நடுவில் ஒரு கட்டியான பொருள் இருக்கும் என்பதை நினைத்துப்பாருங்கள். வழுக்கும் பாதையில் நாம் அதிகம் விழுவது அப்படித்தான். முன்பக்கத்திலும் கத்தியின் முனை அடிவயிற்றுக்கோ தொடை இடுக்குக்கோ நேராக இறங்கும்படி வைக்கக்கூடாது. தொடையின் உட்பக்கம் ஓடும் பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். உட்கார்ந்து மரம் சீவும்போது தொடைகளுக்கு நடுவில் வைத்துச் சீவாதே என்று பழகியவர்கள் சொல்வதும் இதனால்தான்.

கழுத்தில் மாட்டுவதைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. சின்னக் கத்தி, இரண்டு கைக்கும் எட்டும், பை சுமந்தாலும் மறைக்காது, எல்லாம் உண்மை. ஆனால் பெரும்பாலானவர்கள் அதைக் கட்டுவது பாராகார்ட் என்ற நைலான் கயிற்றில். அந்தக் கயிற்றின் பரவலான வகை 550 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 250 கிலோ எடையைத் தாங்கும். சறுக்கி விழுந்து அந்தக் கயிறு ஒரு கிளையில் மாட்டினால் அறுந்துபோகாது, கழுத்துதான் இழுபடும். கழுத்தில் போட்டே ஆகவேண்டுமென்றால், இழுத்தால் விட்டுவிடும் பூட்டு வைத்த கயிறோ, தானாகக் கழன்றுவிடும் மெல்லிய மணிச்சங்கிலியோதான் இருக்கவேண்டும். வாங்கியதும் நன்றாக இழுத்துப்பாருங்கள், கையோடு வந்துவிட வேண்டும். அப்படியும், குனியும்போதெல்லாம் ஆடி முகத்துக்கு நேரே வரும் கத்தியை நான் விரும்பவில்லை. உறை இறுக்கமில்லாவிட்டால் தலைகீழாகத் தொங்கும் கத்தி நழுவுவதற்கு நேரம் ஆகாது.

பையின் தோள்வாரில் கட்டினால் எடுக்க எளிதுதான். ஆனால் பையை இறக்கிவைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போகும்போது கத்தி பையோடு நின்றுவிடும். ஆற்றில் பை அடித்துக்கொண்டு போனாலும் அப்படித்தான். துடுப்புப் படகுக்காரர்கள் உயிர்காப்பு உடுப்பின் மார்பில் கத்தி வைத்திருப்பதைப் பார்த்து இதைப் பின்பற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த உடுப்பு தண்ணீரில் உடம்பைவிட்டுப் போகாது. அதோடு, அவர்கள் வைத்திருக்கும் கத்தி பெரும்பாலும் முனை மழுங்கியது. கயிறு அறுக்கத்தானே அது. அலையில் தூக்கிப்போடும்போது தன்னையோ காப்பாற்றப் போகிறவரையோ குத்திவிடக்கூடாது.

இவ்வளவும் பார்த்துவிட்டு நான் வந்து நின்ற இடம் இது. வேலைக்கான உறைக்கத்தி வலது பக்கம் தாழத் தொங்கும். இடது தொடையில் ஜிப் வைத்த பைக்குள் சின்ன மடக்குக் கத்தி ஒன்று, ஒரு கையால் விரிக்கக்கூடியது, ஒரு முழக் கயிற்றால் பையின் உள் தையலோடு கட்டியிருக்கும். ஜிப்பின் நாக்கில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு கயிற்று வளையம். புதரில் தொங்கிய நாளில் இந்த ஏற்பாடு இருந்திருந்தால், இடது கை நேராக அங்கே போயிருக்கும்.

மடக்குக் கத்தியில் பார்க்கவேண்டியது, விரித்தால் பூட்டிக்கொள்கிறதா என்பதோடு மடக்கினால் மடங்கியே இருக்கிறதா என்பது. பைக்குள் அரைகுறையாகத் திறந்து நிற்கும் அலகு, தேடிவரும் விரல்களைத்தான் முதலில் வெட்டும். பிரான்ஸின் ஒபினெல் கத்திகளில் அலகின் அடியில் திருகும் ஒரு வளையம் உண்டு. 1955-இல் வந்த அந்த வளையம் விரித்த அலகைப் பூட்டும். 2000-இல் அதைத் திருத்தி, மடக்கிய நிலையிலும் பூட்டும்படி செய்தார்கள். வளையத்தைத் திருக இரண்டு கை இருந்தால்தான் வசதி என்பதால் என் தொடைப்பைக்கு அது ஒத்துவரவில்லை. சமையல் சாமானோடு அது போகிறது.

இப்போது உறை. என் மனதுக்கு நெருக்கமான விஷயம் இதுதான், ஏனென்றால் என் கட்டைவிரலில் இருக்கும் வெட்டுத் தழும்பு உறை போட்டது.

அழகான தோல் உறை அது. ஒரே தோலை மடித்து ஓரத்தில் தைத்திருந்தார்கள். கத்தியை உள்ளே போடும்போதெல்லாம் கூர்ப்பக்கம் அந்தத் தையலைத்தான் உரசிக்கொண்டு போகும். ஒவ்வொரு தடவையும் ஒரு இழை, அரை இழை என்று நூல் உள்பக்கமாக அறுந்துகொண்டே வந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தையல் அப்படியே இருக்கிறது. ஒருநாள் உறையை இடது கையில் முழுதாகப் பற்றிக்கொண்டு கத்தியைச் செருகினேன். பாதி வழியில் தையல் வாய் திறந்தது, அலகு பக்கவாட்டில் வெளியே வந்தது, கட்டைவிரலின் அடிச்சதையில் இறங்கியது. நல்ல தோல் உறையில் இரண்டு தோலுக்கும் நடுவில் ஓரமாக இன்னொரு தோல் பட்டையை வைத்துத் தைத்திருப்பார்கள். கூர் அந்தப் பட்டையில்தான் படும், நூலைத் தொடாது. வாங்கும்போது உறையின் வாயை விரித்து உள்ளே பாருங்கள், ஓரத்தில் மூன்று அடுக்கு தெரியவேண்டும். இரண்டுதான் என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தோலுக்கு ஈரம் ஆகாது. நனைந்தால் இளகி, பிடிமானம் தளரும். உள்ளே இருக்கும் கார்பன் எஃகில் ஒரே இரவில் துருப் புள்ளிகள் வந்துவிடும். நனைந்த உறையை நெருப்பருகே வைத்து உலர்த்தினால் சுருங்கி வறண்டுவிடும். நிழலில், காற்றில் மெதுவாக உலரவேண்டும். வீட்டுக்கு வந்ததும் கத்தியை வெளியே எடுத்துத் துடைத்து, லேசாக எண்ணெய் தடவித் தனியே வைப்பதுதான் நல்லது.

கைடெக்ஸ் போன்ற கெட்டிப் பிளாஸ்டிக் உறைகள் நனைந்தாலும் மாறாது. சூடுபடுத்திக் கத்தியின் வடிவத்துக்கே வார்த்தது என்பதால், உள்ளே போனதும் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், விரலிலும் தெரியும். அந்தச் சத்தம் கேட்காவிட்டால் கத்தி முழுதாக உட்காரவில்லை என்று பொருள். மணல் புகுந்தால் அலகை அது கீறும். அடியில் ஒரு துளை இருந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாம், மழைநீரும் தேங்காது. வெயிலில் மூடிய காருக்குள் கண்ணாடியருகே போட்டுவைக்காதீர்கள், கடும் சூட்டில் இது இளகி வடிவம் மாறக்கூடியது.

வாயில் பட்டன் வார் வைத்த உறைகளில் ஒரு கோளாறு உண்டு. அவசரத்தில் உருவும்போது அந்த வார் கூருக்குக் குறுக்கே வந்து நிற்கும். நாலு தடவை அப்படி உருவினால் வாரில் வெட்டு விழும், ஒருநாள் அதுவே அறுந்துவிடும். வாரைப் பிடியோடு அல்லாமல் கத்தியின் முதுகுப்பக்கம் ஒதுங்கும்படி திருப்பிவைக்க முடிந்தால் பிரச்சினை இல்லை.

எந்த உறையாக இருந்தாலும் ஒரே சோதனைதான். மெத்தைக்கு மேலே, காலைத் தள்ளி வைத்துக்கொண்டு, உறையைத் தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறுங்கள். பட்டன் மாட்டாமல் உதறவேண்டும். கத்தி அசைந்தாலே அந்த உறை காட்டுக்குப் போகக்கூடாது. இதை வாங்கிய அன்று மட்டும் செய்தால் போதாது, பழகப்பழக எல்லா உறையும் தளரும். நான் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் உதறுகிறேன்.

எனக்கு நேர்ந்த வெட்டுக்களை எண்ணிப்பார்த்தால், உருவும்போது ஒன்றும் இல்லை. எல்லாம் திரும்பப் போடும்போதுதான். வேலை முடிந்த நினைப்பில் கண் வேறெங்கோ போய்விடுகிறது. இப்போது உறையின் வாயைக் கண்ணால் பார்க்காமல் போடுவதே இல்லை. உறையை மற்றக் கையால் பிடிக்கவேண்டியிருந்தால் விரல்கள் முதுகுப்பக்கமே இருக்கும், கூர்ப்பக்கம் ஒரு விரலும் போகாது. கத்தியின் முதுகை உறையின் சுவரில் சாய்த்து மெதுவாக இறக்கினால், கூர் எதையும் உரசாமல் போகும். இருட்டிலோ களைப்பிலோ, முதலில் டார்ச்சை அடித்துக்கொண்டு அப்புறம் போடுங்கள். இடையில் ஒரு நிமிடம் கை வேறு வேலைக்குப் போனாலும் கத்தி உறைக்குத்தான் போகவேண்டும். மரக்கட்டையில் குத்திவைப்பதும் தரையில் செருகிவைப்பதும் வேண்டாம். உருவிய கத்தியோடு நாலு எட்டு நடப்பதும் கூடாது, கூடாரத்தின் கயிறு தடுக்குவது அந்த நாலு எட்டில்தான்.

மலைப்பாதை முடிந்து ஊருக்குள் வரும்போது உறையோடு கழற்றிப் பையின் உள்ளே வைத்துவிடுகிறேன். கத்தியைப் பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் 3 அங்குலத்துக்கு உட்பட்ட, பூட்டிக்கொள்ளாத மடக்குக் கத்தியைத் தவிர மற்றதைப் பொது இடத்தில் வைத்திருக்கத் தகுந்த காரணம் காட்டவேண்டும். போகும் இடத்தின் விதியைப் புறப்படுமுன் படித்துக்கொள்ளுங்கள். விமானத்தில் கைப்பையில் கூடாது, உறையோடு நன்றாகச் சுற்றிச் சரக்குப் பெட்டியில்தான் வைக்கவேண்டும்.

1991-இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் ஒரு மனிதனின் உடல் கிடைத்தது. ஏறக்குறைய 5300 ஆண்டுக்கு முந்தையவன். ஏட்சி என்று பெயர் வைத்தார்கள். அவனிடம் சின்னக் கல் கத்தி ஒன்று இருந்தது, அலகு தீக்கல், பிடி மரம். அதற்கென்று மரப்பட்டை நாரில் பின்னிய ஒரு உறையும் இருந்தது. அதன் படத்தை முதன்முதலில் பார்த்தபோது நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். உலோகக் கருவிகள் அரிதாக இருந்த காலத்தில் மலையேறிய ஒருவன், கத்தி செய்ததோடு நிற்காமல், நாரை உரித்து முடைந்து அதற்கு ஒரு வீடும் கட்டியிருக்கிறான்.

புறப்படும் நாளுக்கு முந்தைய மாலை இப்போதெல்லாம் எங்கள் குழுவில் எல்லோரும் ஒரு சின்னப் பயிற்சி செய்கிறோம். பையைச் சுமந்து, இடுப்புப் பட்டையைப் பூட்டி, மழைக்கோட்டையும் போட்டுக்கொண்டு, நின்று ஒருமுறை, உட்கார்ந்து ஒருமுறை கத்தியை எடுத்துத் திரும்பப் போடவேண்டும். முதலில் வலது கை, அப்புறம் இடது கை. அன்று என் வாரை அறுத்த நண்பருக்கே இடது கையில் எட்டவில்லை, அவரும் உறையை இடம் மாற்றினார். எனக்கு இன்னும் தீராமல் இருப்பது குளிர்காலம். தடித்த கையுறையோடு தொடைப்பையின் மடக்குக் கத்தியை விரிக்க வரவில்லை, கட்டைவிரல் வழுக்குகிறது. ஜிப் வளையத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், கத்தி வெளியே வருகிறது, விரிய மறுக்கிறது. குளிர்காலத்துக்கு மட்டும் அந்தப் பைக்குள் குட்டையான உறைக்கத்தி ஒன்றை, உறையைப் பையின் அடியோடு தைத்து வைத்தால் என்ன என்று யோசித்து, ஒரு பழைய கால்சட்டையில் தைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.